எர்த்தைப் பார்க்காமல் பல்பை மாற்றாதீர்கள்

தூத்துக்குடியில் கார் மின்வேலை செய்கிறவன் நான். உப்புக்காற்று இங்கே எந்த இரும்பையும் சும்மா விடுவதில்லை. மின்கோளாறு என்று எந்த வண்டி வந்தாலும் எர்த்தைத்தான் முதலில் பார்ப்பேன். விளக்கை எரித்த மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்ப வேண்டும். அது திரும்பும் வழிதான் எர்த். காரில் அதற்கான வழி பாடித் தகடு. வயரும் தகடும் சேரும் இடத்தில் துரு ஏறிவிட்டால் கோளாறு வேறெங்கோ தலைகாட்டும்.

இண்டிகேட்டர் போட்டதும் பின்பக்கப் பார்க்கிங் விளக்கும் மங்கலாகச் சேர்ந்து துடிக்கிறதா? அந்த விளக்குக் கூட்டின் எர்த் விட்டுப்போயிருக்கிறது. 21 வாட் பல்பிலிருந்து வெளியேற வழியில்லாத மின்சாரம், பக்கத்திலுள்ள 5 வாட் இழைக்குள் புகுந்து, அடுத்த விளக்கின் எர்த்தைத் தேடிப் போகிறது. இதற்குப் புது பல்ப் வாங்குவது தண்டச் செலவு.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் குமிழில், சிவப்பு முனை ஹோல்டரின் எர்த்தில். விளக்கை எரியவிட்டு அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தான் கோளாறு, சந்தேகமே வேண்டாம். செல்ஃப் (எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார்) சோர்ந்து சுற்றினால் சிவப்பு முனையை எஞ்சினின் வெற்று உலோகத்தில் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 0.3 வோல்ட் வரை பரவாயில்லை.

மீட்டரில் தடையைக் காட்டும் ஓம் அளவை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையில் முக்கால்வாசி இழைகள் அறுந்திருந்தாலும் அது மீட்டரின் துளி மின்சாரத்துக்கு நல்ல பிள்ளையாக நிற்கும். செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கும்போது வெறும் 0.01 ஓம் தடை 1.5 வோல்ட்டைத் தின்றுவிடும். எஞ்சின் பட்டை அறுந்த பழைய கார்புரேட்டர் கார்களில் அந்த மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பி, கேபிளின் உறையையே உருக்கிவிடும்.

சரிசெய்யும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். எர்த் போல்டை எடுத்து, வயர் முனையின் வளையத்தையும் தகட்டையும் உப்புத்தாளால் பளபளக்கும் வரை தேயுங்கள். வளையம் உட்காரும் இடத்தில் பெயிண்ட் பொட்டுகூட இருக்கக் கூடாது. வயருக்குள் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால், சிவந்த செம்பு தெரியும் வரை வெட்டிப் புது வளையம் போடுங்கள். பல் வாஷர் வைத்து இறுக்கி, அதன் பிறகே மேலே வாசலின் பூசுங்கள். மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயர்களில் கை வைக்காதீர்கள். அது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

முடித்ததும் அதே இடங்களில் திரும்ப அளந்து பாருங்கள். கடலோர ஊர்க்காரர்கள் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் டிக்கி விரிப்புக்கு அடியிலுள்ள எர்த்தையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.