ஆபரேட்டர் உள்ளதை உள்ளபடி பதிய டேப்லெட் திரையை அமைப்பது எப்படி?

லேத்தில் (கடைசல் மிஷினில்) கடையும் 25 மி.மீ. ஷாஃப்ட், ±0.02 டாலரன்ஸ், அதாவது விட்டம் அவ்வளவுதான் கூடலாம், குறையலாம். பத்து ஜாப்புக்கு (கடைந்த உருப்படிக்கு) ஒன்றை ஆபரேட்டர் அளந்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும். ஒருநாள் அந்தத் தாள்களைப் புரட்டினேன். எட்டு ரீடிங்கும் 25.01. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதியது பார்த்ததுமே தெரிந்தது. கோபம்தான் வந்தது. மறுநாள் ஷிஃப்ட் முழுக்க அந்த லேத் பக்கத்திலேயே நின்றேன். ஆபரேட்டர் ஒன்று விடாமல் அளந்தார். ஆனால் கையுறை முழுக்கக் கூலன்ட், வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் திரவம். தாளோ பன்னிரண்டு எட்டு வைக்கும் தூரத்தில் மேசைமேல். அங்கே போய் வருவதற்குள் அடுத்த ஜாப் ஏற்றும் நேரம் வந்துவிடும். கடைசி அரைமணியில் ஞாபகத்திலிருந்து எழுதினார். தப்பு, தாளை அங்கே வைத்த எங்களுடையது.

அதனால் தாளுக்குப் பதிலாக டேப்லெட் வாங்கும் முன் நீங்களும் ஒரு ஷிஃப்ட் நின்று பாருங்கள். எந்த வேலைக்கும் எந்த வேலைக்கும் நடுவில் கை ஓய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பதிவு அந்தச் சில நொடிகளுக்குள் அடங்க வேண்டும். கையுறையோடு தொட்டாலும் வேலை செய்யும் திரையாக, அளக்கும் இடத்திலிருந்து எட்டும் தூரத்தில் மாட்டுங்கள்.

அப்புறம் கேள்விகளைக் குறையுங்கள். தேதி, நேரம், மிஷின் எண் டேப்லெட்டுக்கே தெரியும். பார்ட் நம்பரும் பேட்ச் எண்ணும் ஜாப் கார்டு பார்கோடை ஸ்கேன் செய்தால் வந்துவிடும். எண்ணிக்கையை மிஷின் சிக்னலிலிருந்து எடுக்கலாம். எங்கள் தாளில் 23 கட்டங்கள் இருந்தன. ஆளிடம் கேட்டே ஆக வேண்டியவை ஆறுதான். ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி, இதை யார் பார்க்கிறார்கள், பார்த்து என்ன செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். பதில் வராத கட்டத்தை எடுத்துவிடுங்கள்.

ஒரு திரைக்கு ஒரு கேள்வி போதும். மேலே டிராயிங்கில் அளக்க வேண்டிய இடத்தில் ஓர் அம்புக்குறி, கீழே பெரிய எண் பலகை. டிஜிட்டல் மைக்ரோமீட்டரை கேபிளில் இணைத்தால் தட்டச்சே வேண்டாம். பட்டனை அழுத்தியதும் ரீடிங் திரையில் ஏறிவிடும். முந்தைய ரீடிங்கையோ 25.00 என்ற இலக்கையோ கட்டத்தில் முன்கூட்டி நிரப்பி வைக்காதீர்கள். அவசரத்தில் யாருடைய விரலும் அதைத்தான் ஒப்புக்கொள்ளும்.

அடுத்தது, நான் அதிகம் மல்லுக்கட்டிய இடம். 25.03 என்று பதிந்தால் திரை என்ன செய்ய வேண்டும்? "தவறான மதிப்பு" என்று தடுத்துவிடலாம் என்றார்கள் சிலர். கூடவே கூடாது. தடுத்தால் அடுத்த முறை 25.02 என்று அடித்துவிட்டுப் போவார்கள். கெட்ட ஜாப் நல்ல ஜாப்போடு கலந்துவிடும். இரண்டு எல்லைகள் வையுங்கள். 2.503 போல நடக்கவே முடியாத எண் வந்தால் புள்ளி இடம் மாறியிருக்கும். மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். டாலரன்ஸை மட்டும் தாண்டினால் அப்படியே ஏற்றுக்கொண்டு, அடுத்த வேலையைக் காட்டுங்கள்: இந்த ஜாப்பைச் சிவப்பு ட்ரேயில் வை, கடைசியாக அளந்ததற்குப் பிறகு வந்த ஒன்பதையும் அள, செட்டரை (மிஷினைச் சரிசெய்து அமைப்பவரை) கூப்பிடு. வழிகாட்டுதல் நிஜமாகத் தேவைப்படுவது இங்கேதான்.

மிஷின் நின்றால் நேரம் தானாகப் பதியட்டும். காரணத்தை மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியதும் கேளுங்கள். பழுதோடு போராடும்போது கேட்காதீர்கள். ஏழெட்டு பட்டன் போதும், அவர்கள் பேசும் வார்த்தையிலேயே: இன்செர்ட் (வெட்டும் முனை) மாற்றம், செட்டிங், மெட்டீரியல் வரவில்லை, கரன்ட் இல்லை. "மற்றவை" அதிகமாக அழுத்தப்பட்டால் ஏதோ ஒரு பட்டன் குறைகிறது என்று பொருள்.

வைஃபை போனாலும் பதிவு டேப்லெட்டில் தங்கி, இணைப்பு வந்ததும் போய்ச் சேர வேண்டும். தப்பாக அடித்ததைத் திருத்தவும் வழி வேண்டும். பழைய எண் மறையக்கூடாது, பக்கத்தில் காரணம் இருந்தால் சரி.

பதிந்தது பதிந்தவருக்கே திரும்பி வரட்டும். 25.004, 25.007, 25.011, 25.014 என்று திரையில் கோடு ஏறுவதைப் பார்த்த ஆபரேட்டர் யாரும் சொல்லாமலே இன்செர்ட்டைத் திருப்பிப் போட்டார். முனை தேயத் தேய வெளிவிட்டம் கூடும் என்பது அவருக்குத் தெரியாததா? கண்முன் காட்டத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. அந்த எண்ணை வைத்து ஒருவரை ஒருமுறை திட்டிவிட்டால் போதும், அன்றிலிருந்து எல்லா ரீடிங்கும் அழகாக வரும்.

முதலில் ஒரே மிஷினில், இரவு ஷிஃப்ட்டையும் சேர்த்து, இரண்டு வாரம் ஓட்டுங்கள். தினமும் ரீடிங்கைப் பார்க்கும் முன் பதிந்த நேரத்தைப் பாருங்கள். எட்டுப் பதிவும் ஷிஃப்ட் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது வந்திருந்தால், மறுபடி அந்த மிஷின் பக்கத்தில் போய் நில்லுங்கள்.