லிமிட்டரைத் தொடுவதற்கு முன்

கோத்தகிரியில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பாட்டு மிக்ஸ் செய்கிறவனுக்கு வடகிழக்குப் பருவமழைதான் முதல் எதிரி. ஐப்பசியில் ஒருநாள், மழை விட்டிருந்த நேரம் பார்த்து ஒரு புல்லாங்குழலையும் பறையையும் பதிவு செய்தேன். முதலில் குழல் மட்டும், மெல்ல. இரண்டாவது நிமிடத்தில் பறை விழும். அந்த ஓர் அடிக்காகத்தான் அந்தப் பாட்டே.

நானோ, உச்சங்களை ஒரு வரம்புக்கு மேல் போகவிடாமல் சீவும் லிமிட்டரை அழுத்தி, மைனஸ் 8 எல்.யூ.எஃப்.எஸ். வரை ஏற்றிவிட்டேன். (பாட்டின் சராசரி உரப்பை அளக்கும் அலகு அது; பூஜ்யத்தை நெருங்க நெருங்க உரப்பு கூடும்.) ஸ்பாட்டிஃபை பாட்டுகளை ஒரே உரப்புக்குக் கொண்டுவரும்; அதன் வழக்கமான அளவு மைனஸ் 14. அது பாட்டை 6 டெசிபல் இறக்கியே ஒலித்தது. ஏற்றிய உரப்பு போயிற்று. நான் சீவிய பறையின் உச்சி மட்டும் திரும்பவில்லை. போதாததற்கு, குழலோடு சேர்ந்து கூரைச் சொட்டும் மேலே ஏறியிருந்தது.

இப்போது நான் செய்வது இது. ஸ்பீக்கர் குமிழில் ஒரு இடத்தில் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன்; மிக்ஸ் முடியும்வரை அதைத் திருப்புவதில்லை. முதலில் பறை விழும் இடத்தைச் சரிசெய்து, உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் (0 என்பது டிஜிட்டல் ஒலியின் மேல் எல்லை) தாண்டாமல் ஃபேடர்களை, அதாவது ஒலியளவுச் சறுக்கிகளை, வைக்கிறேன். மற்றதெல்லாம் அதற்குக் கீழேதான். குழலின் தேய்ந்த இசைத்தொடர்களை, உரத்த ஒலியைத் தானாக அடக்கும் கம்ப்ரெஸ்ஸரிடம் விடாமல், ஒவ்வொன்றாகக் கையாலேயே ஒன்றிரண்டு டெசிபல் உயர்த்துகிறேன். அலுப்பான வேலைதான், ஒரு பிளாஸ்க் தேநீர் தீர்ந்துவிடும். ஆனால் மூச்சு எங்கே முடிகிறது என்று கருவிக்குத் தெரியாது. பறைக்குக் கம்ப்ரெஸ்ஸர் போட்டால் அடக்கும் விகிதம் 2:1, அட்டாக் (அது அடக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 30 மில்லிவினாடி. குச்சி தோலைத் தொடும் அந்தக் கணம் அடங்காமல் தப்பிவிடும்; அதிர்வு மட்டும் கொஞ்சம் அடங்கும்.

லிமிட்டர் கடைசியில். உச்ச வரம்பு மைனஸ் 1 டெசிபல் ட்ரூ பீக் (ஒலியலையின் உண்மையான உச்சம்), எம்.பி.3 போன்ற வடிவுக்குச் சுருக்கும்போது உச்சங்கள் சற்று மேலே எகிறும், அதற்கு இந்த இடம் வேண்டும். லிமிட்டர் போட்டதையும் போடாததையும் ஒரே எல்.யூ.எஃப்.எஸ்.ஸுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள். உரக்கக் கேட்பதெல்லாம் காதுக்கு நன்றாகவே தோன்றும்.

அளக்கும்போது முழுப் பாட்டையும் ஓடவிட வேண்டும். யூலீன் மீட்டரின் இலவசப் பதிப்பு, எஃப்.எஃப்.எம்பெக் என எந்த மென்பொருளும் போதும். எல்லாம் ஐ.டி.யூ. என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் கொண்டுவந்த பி.எஸ்.1770 முறைப்படிதான் கணக்கிடுகின்றன. ஆனால் அதில் 2011இல் சேர்த்த ஒரு நுட்பம் உண்டு: சராசரியைவிட 10 அலகுக்கு மேல் தாழ்ந்த பகுதிகளை அந்தக் கணக்கு விட்டுவிடும். என் குழல் அப்படித்தான் விடுபட்டது. பறைப் பகுதி மட்டும் அளக்கப்பட்டது. குழல் கேட்கிறதா இல்லையா என்று மீட்டர் சொல்லவே இல்லை.

அதைச் சொன்னது மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ். சாதாரண இயர்போனோடு இன்ஜினுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுநர் கியர் குறைக்கும்போதெல்லாம் குழல் காணாமல் போயிற்று. வீட்டுக்கு வந்து குழலை 3 டெசிபல் ஏற்றினேன், பறையைத் தொடவில்லை. அந்தப் பாட்டு இப்போது மைனஸ் 15இல் நிற்கிறது.