வெள்ளை ஈப்பிடிப்பானை வெளுத்துப் போகாமல் படமெடுத்தது

வசந்தத்தில் வலசை திரும்பும் பறவைகள் வழியில் எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது. அப்படித்தான் ஓர் அரசவால் ஈப்பிடிப்பான் கண்ணில் பட்டது, அதுவும் வெள்ளை ஆண். செம்பழுப்பு ஆணைப் பலமுறை பார்த்ததுண்டு. வெள்ளை கிடைப்பது அபூர்வம்.

ஆனால் படத்தில் உடம்பு முழுக்க வெறும் வெள்ளைத் திட்டு. இறகின் கோடு ஒன்றுகூடத் தெரியவில்லை. பின்னால் இருந்தது இருண்ட இலைக்கூட்டம்; கேமரா அதைப் பார்த்து ‘இருட்டு’ என்று முடிவு செய்து ஒளியைக் கூட்டிவிடுகிறது. கேமரா கணிக்கும் ஒளியளவை நாமே கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை -1க்கு இறக்கினேன். திரையில் முதுகுப் பகுதி இன்னும் மினுக்கியது, அதாவது அங்கே விவரம் போய்விட்டது. -1.7 வைத்ததும் மினுக்கல் நின்றது. இறகின் விளிம்புகளில் மெல்லிய கருங்கோடுகள்கூடத் தெரிந்தன. இலைகள் கறுத்துப் போயின, போகட்டும். கேமரா சுருக்காமல் சேமிக்கும் ரா (RAW) கோப்பில் நிழலைத் தூக்கிக்கொள்ளலாம், வெளுத்த வெள்ளையை மீட்க முடியாது.

பூச்சியைப் பிடிக்கத் தாவும்போது வால் கலங்கித் தெரியாமலிருக்க ஷட்டர் வேகம் 1/2000 நொடி. ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், ஏறியது, படத்தில் புள்ளிகளும் வந்தன. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை.

அப்புறம் ஆறுமணிக்குருவி. சருகைக் கிளறும் அதற்கு இந்த வேகமெல்லாம் வேண்டாம். தத்தித் தத்திப் போய் இடையிடையே அசையாமல் நிற்கும்; அந்த நொடியில் 1/125 போதும். ஃபோகஸ்தான் முன்னாலிருக்கும் புல்லில் போய் ஒட்டிக்கொண்டது. ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாற்றி, கண்ணில் வைத்தேன், சரியானது.