கல்லீரலைத் தவிர்த்து ஓடும் இரத்தம்: குழாய்வழிச் சிகிச்சைக்குப் பெற்றோர் ஆயத்தமாவது எப்படி?

குடலிலிருந்து திரும்பும் இரத்தம் போர்ட்டல் சிரை வழியே கல்லீரலுக்குள் சென்று சுத்தமான பிறகே இதயத்தை அடைய வேண்டும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு குறுக்கு நாளம் அமைந்து, அந்த இரத்தம் நேராகப் பெருஞ்சிரையில் கலந்துவிடுகிறது. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் அபர்நெதி 1793-இல் விவரித்த இக்குறைபாடு ஏறத்தாழ 30,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படுகிறது.

தென்னாப்பிரிக்காவில் குழந்தைகள் அனைவருக்கும் பிறந்தவுடனே இரத்தப் பரிசோதனை செய்யும் வழக்கம் இல்லாததால், முதல் ஐயம் பெரும்பாலும் வீட்டில்தான் எழும். அளவுக்கு மீறிய தூக்கம், படிப்பில் திடீர்ப் பின்னடைவு, விளையாடும்போது உதடு நீலம்பாரித்தல் ஆகியவற்றைத் தேதியுடன் குறித்துவைத்து, கிளினிக்கில் காட்டி, இரத்தத்தில் அம்மோனியா (கல்லீரல் நீக்க வேண்டிய கழிவுப்பொருள்) அளவையும், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனையும் கேளுங்கள். டர்பனில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி உயர்சிகிச்சை மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் செல்ல இயலாது. குறுக்கு நாளம் கல்லீரலுக்குள்ளேயே இருக்கும் கைக்குழந்தையாயின் அவசரம் வேண்டாம். இரண்டு வயதுக்குள் அது தானாக மூடிக்கொள்வதும் உண்டு.

சிகிச்சையின் போக்கைத் தீர்மானிப்பது பலூன் சோதனையே. கழுத்து அல்லது தொடைச் சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, குறுக்கு நாளத்தைப் பலூனால் தற்காலிகமாக அடைத்து, போர்ட்டல் சிரையின் அழுத்தத்தை அளப்பார்கள். கல்லீரலுக்குள் போர்ட்டல் சிரையின் கிளைகள் இல்லையெனில் குறுக்கு நாளத்தை மூட இயலாது. ஆனால் ஸ்கேனில் 'போர்ட்டல் கிளைகளே இல்லை' என்று எழுதப்பட்ட குழந்தைக்கும், அந்தச் சில நிமிடங்களில் சாயமருந்து ஏறியவுடன் இழை போன்ற கிளைகள் திரையில் தெரியக்கூடும். ஆகவே, இச்சோதனை செய்யாமல் மாற்றுக் கல்லீரல் பற்றிப் பேச்செடுத்தால், காரணம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அழுத்தம் மிகையாக உயரவில்லையெனில் உலோகவலை அடைப்பானையோ சுருள் கம்பியையோ வைத்து ஒரே தடவையில் மூடலாம். உயர்ந்தால் முதலில் நாளத்தைக் குறுக்கிவிட்டு, கிளைகள் விரிந்த பிறகு முழுமையாக மூடுவார்கள். அழுத்த எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.

மூடிய பின் போர்ட்டல் சிரையில் இரத்தம் உறையக்கூடும் என்பதால், உறைவெதிர் மருந்தும் தொடர் ஸ்கேனும் தேவைப்படும். வயிறு வீங்கினாலோ இரத்த வாந்தி எடுத்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அம்மருந்து உட்கொள்ளும் பிள்ளைக்குக் காவடித் திருநாளில் அலகு குத்தக் கூடாது. நேர்த்திக்கடன் இருந்தால் அவ்வாண்டு பால்குடம் எடுக்கச் செய்யலாம்.