முரண்டு பிடிக்கும் பிள்ளை, எழுத்து ஏறாத பிள்ளை: வீட்டில் செய்து பார்த்தவை

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் தேயிலை ஏற்றும் வண்டி ஓட்டுகிறார். ஒரே பையன், ஐந்தாம் வகுப்பு. பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன். இரண்டாம் வகுப்பில் அவனுக்கு 'அடங்காதவன்' என்று பெயர், மூன்றாம் வகுப்பில் 'சோம்பேறி'. நாலாம் வகுப்பில்தான் டாக்டர் சரியான பெயரைச் சொன்னார்: ஏ.டி.எச்.டி. (கவனம் ஓரிடத்தில் நிற்காமல், உடம்பு துறுதுறுவென்று இருப்பது), கூடவே டிஸ்லெக்சியா (எழுத்து படிப்பதில் சிரமம்). இரண்டும் சேர்ந்தே வருவது சகஜமாம்.

யூனிஃபார்முக்கு அளவு கொடுக்க வரும் அம்மாக்களில் யாராவது ஒருத்தி, பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, "அக்கா, எங்க பையனும்..." என்று இழுப்பாள். அவளுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். பக்கத்தை மூன்றாக மடியுங்கள். நடுவில், என்ன ரகளை செய்தான், மணி என்ன. இடது பக்கம், அதற்கு முந்தின கால் மணி நேரத்தில் என்ன நடந்தது. வலது பக்கம், அதற்குப் பிறகு நாம் என்ன செய்தோம். இரண்டு வாரம் எழுதுங்கள், அதுவரை எதையும் மாற்ற வேண்டாம். 'அடம், கோபம்' என்று எழுதினால் பிரயோஜனமில்லை. 'பையைச் சுவரில் எறிந்தான், சட்டையைக் கிழிக்கப் பார்த்தான்' என்று கண்ணில் பட்டதை எழுத வேண்டும்.

நான் எழுதியது ஐப்பசியில். எங்கள் பக்கம் ஆடி மழையை விட ஐப்பசி மழைதான் பெரிது. இரண்டு வாரம் கழித்துப் புரட்டினால், நடுக்கட்டத்தில் திரும்பத் திரும்ப ஒரே மணி: நாலரை. இடது கட்டத்தில் 'நனைந்து வந்தான்', 'டிபன் பாக்ஸ் அப்படியே இருந்தது', 'பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தான்'. மழையில்லாத நாளில் ரகளை பாதிகூட இல்லை. ஒரு நாள் ஸ்வெட்டரைக் கழட்டிப் பிடரியைப் பார்த்தேன். தடிப்பு தடிப்பாகச் சிவந்திருந்தது. சட்டைக் காலருக்குள் முரட்டு நைலான் லேபிள். என் கடை லேபிள்தான். நானே தைத்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அளவு பார்த்துத் தைக்கிறவள், என் பிள்ளை கழுத்தைப் பார்க்க ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. அன்றைக்கே எல்லாச் சட்டையிலும் பிரித்துப் போட்டேன். வாசலிலேயே உலர்ந்த பனியனும் ஒரு டம்ளர் பாலும் இரண்டு வர்க்கியும் தயாராக வைத்தேன். அரை மணி நேரத்துக்கு ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். ரகளை நின்றுவிடவில்லை. வாரத்துக்கு ஆறு இருந்தது இரண்டாயிற்று.

உங்கள் பிள்ளைக்கு லேபிளாக இருக்காது. பிரஷர் குக்கர் சத்தமாக இருக்கலாம், தங்கச்சி அவன் பென்சிலைத் தொடுவதாக இருக்கலாம், நடுவில் நிறுத்தச் சொன்ன விளையாட்டாக இருக்கலாம். நோட்டு சொல்லும். வலது கட்டத்தையும் மறக்க வேண்டாம். என் நோட்டில் அங்கே மூன்று முறை 'கடைசியில் செல்போன் கொடுத்தேன்' என்று இருந்தது. கத்தினால் போன் கிடைக்கும் என்று நானேதான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

அடுத்தது, சொல்லும் முறை. "ஷூவைக் கழட்டு, கை கழுவு, டிபன் பாக்ஸை எடுத்துப் போடு, நோட்டை எடு" என்று அடுக்களையிலிருந்து கத்தினால் அவன் காதில் விழுவது ஷூ மட்டும்தான். அதுவும் ஒரு கால். பக்கத்தில் போங்கள், தோளில் கை வையுங்கள், ஒன்றே ஒன்று சொல்லுங்கள். முடித்ததும் "ஷூவை ஜோடியா வச்சுட்டியே" என்று அந்த நிமிஷமே சொல்லுங்கள். ராத்திரி அப்பா வந்ததும் பாராட்டலாம் என்று வைத்திருந்தால் இந்தப் பிள்ளைகளுக்கு அது ஆறின சோறு.

நான் ஹார்லிக்ஸ் பாட்டிலில் பட்டன் போடுகிறேன். ஒரு வேலைக்கு ஒரு பட்டன். முப்பது சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை குன்னூர் ஸ்டேஷன். மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரத்தைப் பிடித்து மூச்சு வாங்கி ஏறி வருகிற நீராவி எஞ்சினைக் குன்னூரில் கழட்டிவிட்டு, ஊட்டிக்கு டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். அந்த மாற்றத்தை முழுக்கப் பார்க்க வேண்டும் அவனுக்கு. பாதை 46 கிலோமீட்டர், பாலம் 250, குகை 16 என்று ஒப்பிப்பான். எழுத்துத்தான் ஏறாது, காதில் விழுந்தது இறங்காது. ஒரு எச்சரிக்கை: சம்பாதித்த பட்டனைத் திருப்பி எடுக்காதீர்கள். ஒரு தடவை கோபத்தில் பத்தை எடுத்துவிட்டேன். மறுநாள் பாட்டிலையே ஜன்னலுக்கு வெளியே வீசினான். திரும்ப நம்பிக்கை வர ஒரு மாதம் பிடித்தது.

ரகளை உச்சியில் இருக்கும்போது புத்தி சொல்லாதீர்கள். கத்திரிக்கோல், இஸ்திரிப் பெட்டி மாதிரி ஆபத்தானதை நகர்த்திவிட்டு, கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். அடிப்பதும் உதவாது. மர ஸ்கேலால் ஒரு தடவை அடித்திருக்கிறேன். அடுத்த வாரம் அவன் அதே ஸ்கேலால் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அடித்தான்.

இனி எழுத்து. அவனுக்குப் புத்தி இல்லாமல் இல்லை. ஒலியையும் எழுத்தையும் முடிச்சுப் போடுகிற இடத்தில் மூளைக்குச் சிரமம், அதுதான் டிஸ்லெக்சியா. நம் எழுத்தில் ஒரு வம்பு உண்டு. 'கெ' என்று சொல்லும்போது காதுக்கு முதலில் வருவது க், பிறகு எ. கண்ணுக்கு முதலில் வருவது கொம்பு. 'கொ' என்றால் கொம்பு முன்னே, கால் பின்னே, க நடுவில் மாட்டிக்கொள்ளும். நமக்கு இது உறைக்காது. அவனுக்கு ஒவ்வொரு வரியிலும் இடறும்.

வெட்டுத்துணிதான் கடையில் நிறைய இருக்கிறதே. முரட்டுக் கம்பளித் துணியில் எழுத்துகளை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி அட்டையில் தைத்தேன். மெய்யெழுத்துக்கு நீலத் துணி. கால், கொம்பு, சுழிக்குச் சிவப்பு, தனித்தனித் துண்டாக. கண்ணை மூடி விரலால் தடவிக்கொண்டே ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'கெ' வேண்டுமென்றால் முதலில் நீலக் க-வைக் கையில் எடுத்து, 'க்... எ' என்று சொல்லி, பிறகு சிவப்புக் கொம்பை இடது பக்கம் கொண்டுபோய் வைக்க வேண்டும். கை நகர்ந்தால் மூளையும் நகர்கிறது. 247 எழுத்தையும் வெட்டத் தேவையில்லை. 12 உயிர், 18 மெய், குறித் துண்டுகள், போதும். ரெண்டு சுழி 'ன'வையும் மூணு சுழி 'ண'வையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். ஒன்று உறுதியாகி இரண்டு வாரம் போன பிறகு மற்றது. ர-ற, ல-ள-ழ எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. எழுத்துக்கு முன்னால் கைதட்டல்: கம்-ப-ளி, மூன்று தட்டு.

தினம் பத்து நிமிஷம், கடிகாரம் வைத்து. நின்றுகொண்டு படித்தால் படிக்கட்டும். வாசிக்கும்போது ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி ஜன்னல் வெட்டின அட்டை கொடுங்கள், சட்டை டப்பா அட்டையே போதும். மூன்று எழுத்துச் சொல்லில் திணறினால் உடனே சொல்லிக்கொடுத்துவிட்டு மேலே போங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு, ஜூன் முதல் வாரத்திலேயே, சண்டை வருவதற்கு முன்னால் போய்விடுங்கள். நீளமாகப் பேச வேண்டாம், அரைப் பக்கம் எழுதிக்கொடுங்கள்: முன் பெஞ்சு, ஜன்னல் பக்கம் வேண்டாம் (குரங்கு வந்தால் பாடம் முடிந்தது), நடுவில் ஒரு தடவை சாக்பீஸ் எடுத்துவர அனுப்புங்கள், போர்டைப் பார்த்து எழுதுவதைக் குறைத்து வாய்மொழியாகக் கேளுங்கள். நாலாம் வகுப்பில் ஒரு ஆசிரியர் அவனைப் பெஞ்சு மேல் ஏற்றி எல்லார் முன்னாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னார். ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. அடிப்பதும் மனம் நோக வதைப்பதும் 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 17-ம் பிரிவில் தடை. இதை முதல் நாளே நீட்ட வேண்டாம், தெரிந்து வைத்திருங்கள்.

பரிசோதனை. முதலில் கண்ணும் காதும். பிறகு அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் போய், வளர்ச்சிக் குறைபாடு பார்க்கும் மாவட்ட மையத்துக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் உண்டு, பள்ளித் தலைமையாசிரியர் வழியாகக் கேட்கலாம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. சான்று இருந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாட விலக்கு என்று சலுகை கேட்கலாம். ஒன்பதாம் வகுப்பிலேயே காகிதத்தைத் தேடுங்கள். மருந்து தேவையா என்பதை டாக்டர் சொல்லட்டும். நாமாக நிறுத்தவும் கூடாது, பக்கத்து வீட்டு மாத்திரையைக் கொடுக்கவும் கூடாது.

அத்தை மந்திரித்த கயிறு கட்டினார்கள். கட்டட்டும். கயிறு கட்டின கையோடு ஆஸ்பத்திரிக்கும் போனோம். "உன் வளர்ப்பு" என்று சொன்னவர்களுக்குத்தான் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். டாக்டர், இது குடும்ப வழியாகவும் வருகிற விஷயம், வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டபோது, வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வரும்போது பஸ்ஸில், "நானும் எட்டாவதுல இதுக்காகத்தான் நின்னேன்" என்றார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். வண்டியின் எடைச் சீட்டில் எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார், மீதியைக் கிளீனர் படிப்பான். நான் கவனித்ததே இல்லை.

போன மாதம் தம்பியின் ஜன்னல் அட்டை காணாமல் போனது. வீடெல்லாம் தேடிவிட்டு, வண்டியில் தண்ணீர் பாட்டில் எடுக்கப் போனால், ஸ்டியரிங்குக்கு முன்னால் செய்தித்தாள் மடிப்புக்குள் இருந்தது. எடுக்கவில்லை. தம்பிக்கு வேறொன்று வெட்டிக் கொடுத்தேன்.