குளிர்காலத்தில் ஆர்வி பேட்டரியைப் பராமரிக்கும் முறை

பனிக்காலத்தில் நிறுத்தி வைக்கப்படும் ஆர்வி (உள்ளேயே தங்கும் வசதிகொண்ட பயண வண்டி) வண்டியின் பேட்டரி பெரும்பாலும் குளிரால் கெடுவதில்லை. சார்ஜ் இறங்கிய நிலையில் குளிரில் விடப்படுவதால்தான் கெடுகிறது. முழுமையாகச் சார்ஜ் ஏறிய ஈய-அமில பேட்டரியில் உள்ள அமிலக் கரைசல் மைனஸ் 50 டிகிரி செல்சியஸிலும் உறையாது. ஆனால் சார்ஜ் இறங்க இறங்க அமிலம் நீர்த்துப்போவதால், அடியோடு தீர்ந்த பேட்டரி மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே உறைந்து, உள்ளிருக்கும் தகடுகள் சிதைந்து, பெட்டியும் விரிசல் விடக்கூடும்.

ஆகவே வண்டியை நிறுத்துமுன் பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்யுங்கள். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் பார்க்கும்போது, 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும், 12.2 என்று காட்டினால் ஏறத்தாழப் பாதி சார்ஜ்தான் இருக்கிறது.

விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. எரிவாயுக் கசிவைக் கண்டறியும் கருவி, ஸ்டீரியோவின் நினைவகம் போன்றவை இரவும் பகலும் சிறிது சிறிதாக மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அவற்றுள் சில, பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் டிஸ்கனெக்ட் சுவிட்சுக்கும் கட்டுப்படாமல் நேரடியாக இணைக்கப்பட்டிருக்கும் என்பதால், பேட்டரியைக் கழற்றி உறைபனி படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வைப்பதே நல்லது என்பேன். வயர்கள் இருக்கும் நிலையை முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்முனை (மைனஸ்) வயரை முதலில் கழற்றி, திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். அப்போதுதான் ஸ்பானர் தவறி வண்டியின் இரும்பில் பட்டாலும் தீப்பொறி பறக்காது.

முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை அல்லது பச்சைப் படிவின் மேல், செல் மூடிகள் இறுக மூடியிருக்கும்போது, சமையல் சோடா கரைத்த நீரை ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வரும். நுரை அடங்கியதும் கழுவித் துடைத்துவிடலாம். இதற்குக் கையுறையும் கண்ணாடியும் அவசியம். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியாக இருந்தால், சார்ஜ் முடிந்த பிறகே டிஸ்டில்டு வாட்டரை நிரப்ப வேண்டும். தகடுகள் வெளியே தெரிந்தால் மட்டும், அவை மூழ்கும் அளவுக்கு முன்னதாகவே ஊற்றிக்கொள்ளுங்கள்.

பிறகு மாதம் ஒருமுறை வோல்ட்டைப் பாருங்கள், 12.4க்கு வந்துவிட்டால் மீண்டும் சார்ஜ் ஏற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் அருகில் நெருப்பு இருக்கவே கூடாது. உறைந்துபோனதாகச் சந்தேகம் இருந்தால் எக்காரணம் கொண்டும் சார்ஜ் ஏற்றாதீர்கள், அது வெடிக்கலாம். அறை வெப்பத்தில் நன்றாக உருகவிட்டு, விரிசலோ வீக்கமோ தெரிந்தால் அப்புறப்படுத்திவிடுங்கள்.

லித்தியம் பேட்டரிக்கு விதி வேறு. அதைப் பாதிக்கு மேல் சார்ஜுடன், எல்லா இணைப்புகளையும் துண்டித்து வைத்தால் போதும். ஆனால் செல்லின் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகப் பழுதாகும் என்பதால், உள்ளேயே ஹீட்டர் பொருத்தப்படாத பேட்டரியைக் கூரையிலுள்ள சோலார் இணைப்பிலிருந்தும் மறக்காமல் பிரித்து வையுங்கள்.