மேற்குக் கண்ணாடியும் 18 டிகிரி ஏசியும்

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஏதாவது கண்ணாடி அலுவலகத்துக்குள் மாலை நான்கு மணிக்குப் போய்ப் பாருங்கள். மேற்கு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கண்ணாடியில் சாய்த்து வைத்திருப்பார்கள். அதே தளத்தின் நடுவில் இருப்பவர்கள் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். இரண்டு பேருக்கும் ஏசி ஒன்றுதான்.

தெர்மோஸ்டாட்டை மட்டும் நம்புவதுதான் முதல் தவறு. அது காற்றின் சூட்டை அளக்கிறது. உடம்போ, பக்கத்துச் சுவரும் கண்ணாடியும் வீசும் சூட்டையும் சேர்த்தே உணர்கிறது. காற்று 23 டிகிரியில் இருந்தாலும், வெயிலில் காய்ந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் தோள் எரியும். அவருக்காக 18-க்கு இறக்கினால் நடுவில் இருப்பவர் நடுங்குவார், கண்ணாடி மட்டும் சுட்டுக்கொண்டேதான் இருக்கும். ஏசியை ஒரு டிகிரி கூட்டி வைத்தாலே சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். ஐந்து டிகிரி இறக்கினால் பில் எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உள்பக்கத் திரை. கண் கூசாமல் காக்கும், சரி. ஆனால் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலில் பெரும்பகுதி திரையைச் சூடாக்கி அறைக்குள்ளேயே தங்கிவிடும். வெயிலை வெளியிலேயே மறிக்க வேண்டும். கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே பாரிஸில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்புக்காகக் கட்டிய விடுதி 1933-ல் திறந்தது. தெற்கு முகம் முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடி. பணம் போதாமல் இரட்டைக் கண்ணாடியையும் குளிரூட்டும் கருவியையும் விட்டுவிட்டார்கள். கோடையில் உள்ளே இருந்தவர்கள் வெந்துபோனார்கள். பிறகு திறக்கும் ஜன்னல்கள் வந்தன, உலகப் போருக்குப் பின் வெளிப்பக்கம் வெயில் தடுப்புகளும் வந்தன. பாரிஸ் வெயிலுக்கே இந்தப் பாடு!

நான்கு பக்கத்தையும் ஒரே மாதிரி மூடுவது மூன்றாவது தவறு. சென்னை சுமார் 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. தெற்குச் சுவருக்கு நடுப்பகல் வெயில் உயரத்திலிருந்து விழுவதால் சாதாரண சன்ஷேடே பெரும்பாலும் போதும். கிழக்கிலும் மேற்கிலும் சூரியன் தாழ்ந்து நேராக அடிக்கும். சன்ஷேடு அங்கே எடுபடாது, செங்குத்தான தடுப்புகள் வேண்டும். என்னைக் கேட்டால் மேற்கே லிஃப்ட், மாடிப்படி, கழிப்பறைகளை வைத்துக் கண்ணாடியையே குறைத்துவிடலாம். வடக்கையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை நம் உச்சி வெயில் வடக்கே சாய்ந்துதான் இருக்கும். அதனால்தான் 2017-ன் கட்டட எரிசக்தி விதி, 15 டிகிரிக்குத் தெற்கே உள்ள ஊர்களில் வடக்குக் கண்ணாடிக்கும் சலுகை தருவதில்லை: வெயில் சூட்டில் 27 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடக் கூடாது.

"இரட்டைக் கண்ணாடி போட்டாச்சு, கவலையில்லை" என்பார்கள். பூச்சு எதுவும் இல்லாத ஒற்றைக் கண்ணாடி வெயில் சூட்டில் சுமார் 80 சதவீதத்தை விட்டால், இரட்டைக் கண்ணாடி சுமார் 70 சதவீதத்தை விடும். அவ்வளவுதான் வித்தியாசம். வாங்கும்போது எவ்வளவு சூட்டை விடும், எவ்வளவு வெளிச்சத்தை விடும் என்று இரண்டையும் கேளுங்கள். வெளிச்சத்தையும் சேர்த்து அடைத்துவிட்டால் பகலிலேயே விளக்கு எரியும்.

ஏற்கெனவே கட்டிய கட்டடத்துக்கு ஃபிலிம் ஒட்டுவதானால், சூட்டை உறிஞ்சும் கறுப்பு ஃபிலிமைத் தவிருங்கள். கண்ணாடியே சூடேறி விரிசல் விடக்கூடும்.